குழந்தையின் கடல் நீச்சலுடை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

என் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா பிள்ளைகள் மூன்று பேர். ஐந்து பேரின் நீச்சலுடைகளையும் வாங்குவது, அலசுவது, எலாஸ்டிக் மாற்றுவது எல்லாம் பல வருடமாக என் பொறுப்பு. கடலுக்குப் போய் வந்தாலே ஒரே மாதிரிப் புகார்கள்தான்: அரிக்கிறது, தொங்குகிறது, நாறுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது என்னவென்றால், பெரும்பாலான கோளாறுகள் கரையேறிய பிறகான அரை மணி நேரத்தில் உண்டாகின்றன. ஈர உடை உடம்பிலேயே காய்கிறது, அல்லது பிளாஸ்டிக் பைக்குள் போய்ப் புழுங்குகிறது. புது உடை வாங்க ஓடுவதற்கு முன் அந்த அரை மணி நேரத்தைக் கவனியுங்கள்.

எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். காசு செலவாகாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். குழந்தையின் உடம்பில் தெரிபவற்றை முன்னால் வைத்திருக்கிறேன். துணி காத்திருக்கும்.

## குழந்தை சொறிகிறது, தோல் சிவந்திருக்கிறது

உடையை முழுவதும் கழற்றிவிட்டு, சிவப்பு எங்கெங்கே இருக்கிறது என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். களிம்பைத் தேடுவது அதற்கு அப்புறம். இடத்தை வைத்தே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

### அக்குள், தொடை இடுக்கு, கழுத்தோரத்தில் கோடு கோடாக இருந்தால்

உராய்வுதான். முதல் சந்தேகம் மணல். உடையை உள்பக்கம் திருப்பித் தையல் மடிப்புகளைத் தடவினால் நறநறவென்று கையில் படும். அடுத்தது உப்பு. கடல்நீர் உடம்போடு காயும்போது உப்புத் துணியிலேயே தங்கி, குழந்தை ஓட ஓட அரம் போலத் தேய்க்கும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று: உடையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தி உடை போட்டுவிடுவது. அடுத்த முறை இறங்கும் முன் அந்த இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவலாம்.

அப்படியும் அதே இடத்தில் வந்தால் தையலைப் பாருங்கள். தையல் ஓரத்தை உங்கள் மேலுதட்டில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத நைலான் நூல் முனை உதட்டுக்குத் தெரியும். முனையை ஒட்ட நறுக்குங்கள். லேபிள் குத்தினால் அதன் தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். கத்தரித்தால் மிஞ்சும் ஓரம் முன்பைவிட மோசமாகக் குத்தும். இது எதுவும் இல்லையென்றால் அளவு தப்பு. கீழே "தொங்குகிறது" பகுதியில் அளவெடுக்கும் முறை இருக்கிறது.

தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, சீழ் வைத்தாலோ, மூன்று நாளில் ஆறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

### உடை மூடியிருந்த இடம் முழுக்கச் சின்னச் சின்னத் தடிப்பாக இருந்தால்

பலரும் வேர்க்குரு என்று நினைத்து விட்டுவிடுவது இதைத்தான். கை கால் சுத்தமாக இருக்கும். உடைக்குள் மட்டும் சிவந்த பருக்கள், தாங்க முடியாத அரிப்பு. பெரும்பாலும் கடலை விட்டு வந்து சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஜெல்லி மீன் போன்றவற்றின் மிகச் சிறிய குஞ்சுகள் துணிக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டி, அழுத்தம் பட்டதும் கொட்டுவதால் வருகிறது. உடைக்கு மேல் தொளதொளவென்று ஒரு டி-ஷர்ட் போட்டுவிட்டால் அதற்குள்ளும் மாட்டும்.

இங்கே நாம் செய்யும் பெரிய தவறு, குழந்தையை உடையோடு ஷவரில் நிறுத்துவது. அதுவரை வெடிக்காமல் இருந்த கொட்டும் செல்கள் நல்ல தண்ணீர் பட்டதும் வெடிக்கும். என் அக்கா மகளுக்கு இப்படித்தான் நான் தெரியாமல் செய்தேன். குளித்து முடித்ததும் முதுகு முழுக்கத் தடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வழக்கம்: துண்டைச் சுற்றிக்கொண்டு உடையைக் கழற்றுவது முதலில், குளியல் இரண்டாவது. தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே வரிசைதான்.

கழற்றிய உடையை அலசாமல் காயப்போட்டு அடுத்த வாரம் மாட்டினால் மறுபடி கொட்டும். காய்ந்த துணியிலும் அந்தச் செல்களுக்கு வீரியம் இருக்கும். சோப்புத் தூள் போட்டு வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வெந்நீர் எலாஸ்டிக்கைக் கெடுக்கும் என்று கீழே நானே சொல்கிறேன். இந்த ஒரு முறை உடை கெட்டாலும் பரவாயில்லை, தோல்தான் முக்கியம்.

அரிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் உதவும். சொறிய விடாதீர்கள். காய்ச்சல், தலைவலி, வாந்தி சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

### எலாஸ்டிக் பட்ட இடத்தில் மட்டும் பட்டையாகச் சிவந்து, மறுநாளும் போகாவிட்டால்

இறுக்கத்தால் வரும் தடம் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் அரித்தால் ரப்பரோ சாயமோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அடுத்த முறை வேறு உடை போட்டுப் பாருங்கள். அப்போது வரவில்லையென்றால் பழைய உடையை ஒதுக்கிவிடலாம். எந்த உடை போட்டாலும் வந்தால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையில் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

### அடிப்பகுதியில் மட்டும் இருந்தால்

ஈர உடையோடு மணிக்கணக்கில் மணலில் உட்கார்ந்து விளையாடியதுதான் காரணமாக இருக்கும். தண்ணீரை விட்டு வந்தால் உடனே உலர்ந்த உடை, மறுபடி இறங்கும்போது இரண்டாவது நீச்சலுடை என்று வைத்துக்கொண்டால் இது நின்றுவிடும். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று குழந்தை சொன்னாலோ, காய்ச்சல் இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

## உள்வலையில் தோல் மாட்டிக்கொண்டது

பையன்களின் நீச்சல் கால்சட்டைக்குள் இருக்கும் வலைத்துணியின் கண்ணியில் ஆண்குறியின் தோல் நுழைந்து வீங்கிக்கொள்வது உண்டு. குழந்தை அலறும், உங்கள் கை பதறும். இழுக்காதீர்கள். கால்சட்டையைக் கீழே உருவாதீர்கள். கத்தரியால் கால்சட்டையை வெட்டி, தோலைச் சுற்றியுள்ள வலைத்துண்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றதை அகற்றுங்கள். பிறகு நேராக அவசரப் பிரிவு. மிச்சத்தை அவர்கள் எடுக்கட்டும்.

வராமல் தடுப்பது எளிது. வாங்கும்போதே கண்ணி இல்லாத மெல்லிய பின்னல் துணி உள்பக்கம் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வலை வைத்ததுதான் கையில் இருக்கிறது என்றால், வலையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு உள்ளே ஒட்டிய நீச்சல் ஜட்டி போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் புதுக் கால்சட்டை வந்தால் போடுவதற்கு முன் நான் செய்யும் முதல் வேலை அதுதான்.

## தண்ணீரில் இறங்கியதும் குழந்தை கண்ணுக்குத் தெரிவதில்லை

உடையின் நிறம்தான் காரணம். வெளிர் நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் கரையில் அழகாக இருக்கும், தண்ணீருக்குள் கரைந்துபோகும். கருநீலமும் கறுப்பும் கலங்கிய கடலில் நிழலோடு நிழலாகிவிடும். நியான் ஆரஞ்சு, நியான் இளஞ்சிவப்பு, நியான் மஞ்சள் மூன்றும் தண்ணீரில் நன்றாகத் தெரியும். சின்னப் பூப்போட்ட நியானைவிட ஒரே நிறமாகப் பரந்திருப்பது நல்லது.

சோதிப்பது இப்படி: முழங்கால் ஆழத்தில் உடையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்க ஒருவரிடம் சொல்லி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தேட வேண்டியிருந்தால் அந்த உடை கடலுக்கு வேண்டாம். இருக்கும் உடையை மாற்ற வசதி இல்லையென்றால் நியான் நிற நீச்சல் தொப்பி ஒன்று போதும். தண்ணீருக்கு மேலே எப்போதும் தெரிவது தலைதானே.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த நிறமும் மேற்பார்வைக்கு ஈடாகாது. சின்னக் குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே மிதவை தைத்த நீச்சலுடையும், கையில் மாட்டும் காற்றுப் பையும் உயிர்காப்பு ஜாக்கெட் ஆகாது. குழந்தையைக் காணவில்லை என்றால் கரையில் தேடாதீர்கள்; முதலில் தண்ணீரைப் பாருங்கள், அதே நொடியில் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

## உடை போட்டிருந்தும் வெயிலில் சிவந்துவிட்டது

சிவப்பு உடையின் ஓரத்துக்கு வெளியே இருந்தால் சன்ஸ்கிரீன் விடுபட்டிருக்கிறது. பிடரி, காது நுனி, முழங்காலின் பின்பக்கம், பாதத்தின் மேல்பக்கம் இந்த நான்கையும்தான் எல்லோரும் மறக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரை விட்டு வந்ததும் ஒரு முறை தடவ வேண்டும்.

துணிக்கு அடியிலும் சிவந்திருந்தால் துணி தேய்ந்திருக்கிறது, அல்லது அளவு சிறியதாகி அதிகம் இழுபடுகிறது. இழுபட்ட துணியின் கண்கள் திறந்து வெயிலை உள்ளே விடும். உடைக்குள் கைவிட்டு விரல்களை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் அந்த உடைக்குக் காலம் முடிந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது லேபிளில் யு.பி.எஃப். 50 (துணி வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) என்று இருக்கிறதா பாருங்கள்; புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டுமே அதைத் தாண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை இதற்கு மாற்றாகாது. நனைந்தால் அதன் பாதுகாப்பு இன்னும் குறையும்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு எந்த உடையும் போதாது, நிழல்தான். அந்த வயதில் வெயிலில் சிவந்தாலே மருத்துவரைக் கேளுங்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கொப்புளம், காய்ச்சல், வாந்தி வந்தால் போங்கள்.

## நடுங்குகிறது, உதடு நீலமாகிறது

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சினாலும் வெளியே தூக்குங்கள். ஈர உடையைக் கழற்றித் துடைத்து உலர்ந்த துணியில் சுற்றுங்கள். ஈர உடைக்கு மேல் துண்டு போர்த்துவது பாதி வேலைதான். அந்த ஈரம் காய்வதற்கான சூட்டைக் குழந்தையின் உடம்பிலிருந்துதான் எடுக்கும். அடிக்கடி இப்படி ஆகும் ஒல்லிக் குழந்தைக்கு நியோப்ரீன் (உடம்புச் சூட்டைக் காக்கும் நுரை ரப்பர்) உடை வாங்குவது நியாயமான செலவு. நடுக்கம் நின்றும் குழந்தை சோர்ந்து, பேச்சுக் குழறி, தூங்கப் பார்த்தால் அது ஆபத்து. உடனே அவசர உதவியை அழையுங்கள்.

## பின்பக்கம் தொங்குகிறது, அலையில் கழன்றுவிடுகிறது

### கனமாகத் தொங்கினால்

உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் மணல் சேர்ந்திருக்கும். ஈரமாக இருக்கும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள், வராது. ஈரம் துளியும் இல்லாமல் நன்றாகக் காயவிட்டு, உள்பக்கம் திருப்பி, துணியை இழுத்துப் பிடித்துத் தட்டுங்கள். பொலபொலவென்று கொட்டும்.

### புதிதாக இருந்தும் தொங்கினால்

வளருமே என்று ஓர் அளவு பெரிதாக வாங்கியிருப்போம். மற்ற உடைக்கு அது சரி, நீச்சலுடைக்குச் சரிவராது. தளர்ந்த உடை தண்ணீரை அள்ளிக்கொண்டு இழுக்கும். வயதைப் பார்த்து வாங்காமல் அளவெடுங்கள்: நாடாவை ஒரு தோளின் நடுவில் வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவில் கொண்டுபோய், பின்பக்கமாக அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒற்றை உடைக்கு இந்த அளவுதான் உயரத்தைவிட முக்கியம். போட்டுப் பார்க்கும்போது கைகளைத் தூக்கி, குந்தி, குனியச் சொல்லுங்கள். உடையின் தோள் வாருக்கு அடியில் உங்கள் இரண்டு விரல் இடுக்கமில்லாமல் நுழைய வேண்டும். நாலு விரல் நுழைந்தால் பெரியது.

### முன்பு சரியாக இருந்தது இப்போது தொங்கினால்

இடுப்பு, கால் எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து இழுங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே ரப்பர் பொடிந்துவிட்டது. எலாஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். தையல்காரரிடம் கொடுக்கும்போது நீச்சலுடைக்கான எலாஸ்டிக் போட்டு, வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலில் தைக்கச் சொல்லுங்கள். நேர்த் தையல் போட்டால் முதல் இழுப்பிலேயே நூல் அறுந்துவிடும்.

சத்தம் இல்லை, ஆனால் துணியையே இழுத்துவிட்டால் சுருங்காமல் அலை அலையாக நிற்கிறதா? துணிக்கு இழுவை கொடுக்கும் ஸ்பான்டெக்ஸ் இழை செத்துவிட்டது. இதற்கு ரிப்பேர் கிடையாது, எந்தத் தையல்காரரிடமும் காசைக் கொடுக்காதீர்கள். வழக்கமான காரணங்கள் நீச்சல்குளத்துக் குளோரின், சன்ஸ்கிரீன் எண்ணெய், வெந்நீர், துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடு. கடலுக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் இரண்டும் அதிக நாள் வரும். குளத்துக்கானது பாலியெஸ்டர் அதிகமுள்ளதாக இருக்கட்டும், குளோரினை அது நன்றாகத் தாங்கும்.

## மஞ்சளாக, துரு நிறத்தில் கறை

சன்ஸ்கிரீன் பலவற்றில் இருக்கும் அவோபென்சோன் என்ற வேதிப்பொருள், தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து இந்த நிறத்தைக் கொடுக்கிறது. பிளீச் போட்டால் கறை இன்னும் அடர்ந்துவிடும், எலாஸ்டிக்கும் போய்விடும். முதலில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கறையில் தடவிக் கால் மணி நேரம் விட்டு அலசுங்கள், எண்ணெய் போகும். மிஞ்சும் துரு நிறத்துக்கு எலுமிச்சைச் சாறு. அதை உள்பக்க ஓரம் ஒன்றில் விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் கறையில் விட வேண்டும். சன்ஸ்கிரீனை உடை மாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவிவிட்டால் துணியில் ஒட்டுவது குறையும்.

## துவைத்தும் நாற்றம் போகவில்லை

ஈரத்தோடு பைக்குள் கிடந்திருக்கிறது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு குளிர்ந்த தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, மிதமான சோப்பில் கையால் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் போட வேண்டாம். அது இழையில் படிந்து நாற்றத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். கரும்புள்ளி விழுந்திருந்தால் பூஞ்சை துணிக்குள் இறங்கிவிட்டது. தோலில் ஒட்டிக் கிடக்கிற உடை அது, தூக்கிப்போடுவதே நல்லது.

## கழுத்து நாடா எதிலாவது மாட்டிக்கொள்கிறது

எடுத்துவிடுங்கள், வேறு சோதனை தேவையில்லை. ஐரோப்பாவின் ஈ.என். 14682 தரவிதி, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்திலும் தலைமூடியிலும் தொங்கும் நாடா கூடாது என்கிறது. சறுக்குமரத்திலும் ஏணியிலும் மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும். முடிச்சுக்குப் பதில் எலாஸ்டிக் பட்டையோ அழுத்துப் பொத்தானோ தைத்துக்கொள்ளலாம்.

## ஜிப் நகரவில்லை

உப்பும் மணலும் பல்லில் உறைந்திருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை மேலும் கீழும் உரசுங்கள். உலோக ஜிப் துருப்பிடித்திருந்தால் தையல்காரரிடம் கொடுத்துப் பிளாஸ்டிக் ஜிப்பாக மாற்றுங்கள்.

## டயப்பர் ஊதிப் பெருத்துவிடுகிறது, அல்லது கசிகிறது

ஊதுவது சாதாரண டயப்பர். உறிஞ்சும் பொடி கடலையே குடிக்கப் பார்க்கிறது. நீச்சல் டயப்பருக்கு மாறுங்கள். அது சிறுநீரைத் தாங்காது, கெட்டியான மலத்தை மட்டும் பிடித்துவைக்கும், அதனால் சிறுநீர் கசிவது பழுதல்ல. தொடையைச் சுற்றி இடைவெளி இருந்தால் அளவு பெரியது. மணிக்கொரு முறை தண்ணீரை விட்டுத் தள்ளிப் போய்ச் சோதியுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. கிருமியை எந்த நீச்சல் டயப்பரும் தடுக்காது, மற்ற குழந்தைகளும் அதே தண்ணீரில்தான் இருக்கிறார்கள்.

## உடையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் போட மறுக்கிறது

இதை அடம் என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் தொட்டுப் பாருங்கள்: காலையில் நனைந்த உடை இன்னும் ஈரமாக, ஜில்லென்று இருக்கிறதா? அதை மாட்டிக்கொள்ள நமக்கே மனம் வராது. உலர்ந்த இரண்டாவது உடையைக் கொடுங்கள். அடுத்து, ஈர உடம்பில் ஒட்டி உடை ஏற மறுக்கிறதா? முழுதாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். எங்கள் சின்னவன் ஒரு கோடை முழுக்கப் பச்சைக் கால்சட்டையைக் கண்டாலே அழுதான். காரணம் அவனால் சொல்ல முடியவில்லை. கடைசியில் உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தபோது இடுப்பு மடிப்புக்குள் உடைந்த சிப்பித் துண்டு ஒன்று, நகக்கண் அளவு, விரலில் தட்டுப்பட்டது.